ஷாம்ராக் செடி வளர்த்தவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

செத்தாப்பாக் மாடிவீடு

கத்தரிப்பூ நிற ஷாம்ராக், அதாவது மூன்று முக்கோண இலையோடு தொட்டியில் வளர்கிற கிழங்குச் செடி, வைத்திருப்பவர்களுக்கு அதைப் பற்றி நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கல்யாணத்துக்காக ஈப்போ போய்த் திரும்பினால், பால்கனியில் தொட்டியைக் காணோம். வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த சின்னம்மாவைக் கேட்டேன். "அது செத்துப் போச்சுடா. குப்பை ரூம்ல வெச்சிட்டேன்" என்றார். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். நல்ல வேளை, துப்புரவு அண்ணன் அன்றைக்கு இன்னும் வரவில்லை. கறுப்புப் பைக்குள் தொட்டி சாய்ந்து கிடந்தது. தண்டெல்லாம் படுத்து, இலை பழுப்பாகிச் சுருண்டு, பார்த்தால் யாருமே செத்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். சின்னம்மா மேல் தப்பே இல்லை.

மண்ணுக்குள் விரலை விட்டேன். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தால் சுண்டுவிரல் அளவுக்குக் கிழங்கு, செதில் செதிலாக, இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்து. நகத்தால் லேசாகக் கீறினேன். உள்ளே வெள்ளை வெளேரென்று ஈரம். பின்னாலேயே வந்து நின்ற சின்னம்மா, "இதுக்குள்ளயா உசிரு இருக்கு?" என்று கேட்டார். அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

இந்தக் கோலாலம்பூர் வெயில் பகலில் 32, 33 டிகிரி. இந்தச் செடிக்கு 27-க்கு மேல் நாள்கணக்கில் போனாலே ஒத்துக்கொள்ளாது. மண்ணும் காய்ந்துவிட்டால் இலையை விட்டுவிட்டுக் கிழங்குக்குள் போய்த் தூங்கிவிடும். சில வாரம் கழித்துத் தானே எழும்பும். என்னுடையதும் எழும்பிவிட்டது, இப்போது தொட்டி நிறைய இலை. ஆனால் எத்தனை வீட்டில் உயிரோடு இருக்கிற கிழங்கு குப்பைக்குப் போயிருக்கும்? நர்சரியில் வாங்கும்போது ஒருவராவது இதைச் சொல்லக் கூடாதா? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஆயர் ஈத்தாம் மகள்

எங்கள் வீட்டுத் தொட்டி இதுவரை அப்படி முழுசாகப் படுத்ததில்லை. அதனால் உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்தச் செடி என்றாலே எனக்கு அப்பாதான் ஞாபகம் வருவார், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா பினாங்கு ஜார்ஜ் டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிவிட்டது. கட்டிலை ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தோம். ஜன்னல் திண்டில் இந்தத் தொட்டி. சாயங்காலம் வெளிச்சம் மங்க மங்க, அந்த மூன்று முக்கோண இலையும் குடை மடக்குகிற மாதிரி தண்டோடு ஒட்டித் தொங்கிவிடும் இல்லையா, அப்பா அதை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் மடங்கியதும், "சரி, கடையைச் சாத்தியாச்சு" என்பார். அதற்கப்புறம்தான் சாப்பிடுவார், மருந்து போடுவார். அதுவரைக்கும் கெஞ்சினாலும் நடக்காது. முன்பெல்லாம் கல்லாச் சாவி கேட்டு ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்காருவார். செடி வந்த பிறகு அது குறைந்தது.

ஒரு நாள் மத்தியானம் மூன்றரை, நாலு மணி இருக்கும். பயங்கரக் கருக்கல். ஆயர் ஈத்தாம் பக்கம் மழை வந்தால் தெரியும் உங்களுக்கு, மலையே மறைந்துவிடும். விளக்குப் போட வந்தவள் பார்க்கிறேன், செடி பாதி மடங்கிவிட்டது. அப்பா எழுந்து உட்கார்ந்து, "ஏன் இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் சாத்துறாங்க? யார் தவறிட்டாங்க?" என்று கேட்டார். எங்கள் கடைத்தெருவில் யாராவது இறந்தால் பாதிக் கதவைச் சாத்துவார்கள், அதை நினைத்துக் கேட்டார். என் பெயரே மறந்து போயிருந்த மனிதர். யாரும் இல்லைப்பா, மழைதான் என்று சொன்னேன். மழை விட்டு வெளிச்சம் வந்ததும் இலை திறந்தது. "பாத்தியா, திறந்துட்டாங்க" என்று சிரித்தார்.

இலைக்காம்பு சேர்கிற இடத்தில் சின்ன மூட்டு மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்குள் இருக்கிற செல்களில் நீர் ஏறி இறங்குவதால்தான் இலை விரிவதும் மடங்குவதும் என்று பின்னால் படித்தேன். அப்பாவுக்குச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அது கடைதான்.

தஞ்சோங் பூங்கா டாக்டர்

ஆயர் ஈத்தாம் சகோதரி எழுதியதைப் படித்து மனது கனத்துவிட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இங்கே எல்லோரும் பேசுவது அயர்லாந்துக்காரர்களின் ஷாம்ராக் இல்லை. நர்சரியில் அந்தப் பெயரில் விற்கிற ஊதா இலைச் செடி ஆக்ஸாலிஸ், புளியாரைக் குடும்பம். அதன் சொந்த ஊர் பிரேசிலும் அதைச் சுற்றியுள்ள தென் அமெரிக்க நாடுகளும். அசல் ஷாம்ராக் குளோவர், அதாவது பயறு, அவரை வகை. வேரில் முடிச்சு இருக்கும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அயர்லாந்து மக்களிடமே எது உங்கள் ஷாம்ராக் என்று மாதிரிச் செடி கேட்டு வாங்கி 1988-ல் ஓர் ஆய்வு நடந்தது. 46 விழுக்காடு மஞ்சள் பூப் பூக்கும் சிறு குளோவர், 35 விழுக்காடு வெள்ளைப் பூக் குளோவர். ஊதா இலைச் செடிக்கு அங்கே அந்த இடம் இல்லை.

நான் பினாங்கில் மருத்துவம் சேர்ந்தவன். முதல் இரண்டரை ஆண்டு அயர்லாந்தின் டப்ளினில் படிப்பு, அப்புறம்தான் இங்கே மருத்துவமனைப் பயிற்சி. அங்கே மார்ச் 17, அயர்லாந்தின் காவல் புனிதர் செயின்ட் பேட்ரிக்கின் திருநாள். அன்று காலையில் வகுப்புக்குக் கிளம்பும்போது வீட்டுக்கார அம்மா வாசலில் மறித்தார். கையில் ஒரு கொத்து ஷாம்ராக், வேரோடு, வேரில் ஈர மண் ஒட்டிக்கொண்டு. என் கோட்டுக் காலரில் குண்டூசியால் குத்திவிட்டார். மண் சட்டையில் உதிர்ந்தது. கையெல்லாம் நடுங்கும் வயசு அவருக்கு, ஊசி என் தோளில் பட்டுவிடக் கூடாது என்று இன்னொரு கையை உள்ளே கொடுத்துக் குத்தினார். அந்தக் குளிர்ந்த விரல் சட்டைக்கு மேல் பட்டது இப்போதும் தெரிகிறது. அம்மா பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது திருநீறு பூசுவார்களே, எனக்கு அந்த நினைப்புதான் வந்தது. சாயங்காலத்துக்குள் கொத்து வாடிவிட்டது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

அதே குளோவர் விதையை இங்கே தொட்டியில் போட்டுப் பார்த்தேன். முளைத்தது. மூன்று இலை விட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சுருண்டது. ராத்திரியில்கூட 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காத ஊரில் அது நிற்காது. ஆகவே ஊதா இலையை வளருங்கள், தப்பில்லை, ஆனால் செயின்ட் பேட்ரிக் செடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

செந்தூல் பாட்டி

டாக்டர் தம்பி, அந்த வீட்டுக்கார அம்மா கையால் குத்தியது உங்களுக்கு எவ்வளவு பெரிசோ, அந்த ஐயாவுக்கு அந்தத் தொட்டி அவ்வளவு பெரிசு. எந்த நாட்டுச் செடியாக இருந்தால் என்ன?

என் கதை சின்னது. பேரன் தவழ்கிற வயசில் ஒரு கொத்து இலையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். முகம் சுருங்கியது பாருங்கள், ஒரு கண்ணை மூடி, தோளைத் தூக்கி, அப்படியே துப்பினான். புளிப்பு! ஒன்றும் ஆகவில்லை. ஊரில் எங்கள் அம்மா தோட்டத்துப் புளியாரையைத் துவையல் அரைத்துப் போட்டு வளர்ந்தவள் நான், அதனால் பதறவில்லை. ஆனால் மருமகள் அழுதுவிட்டாள்.

அதனால் சொல்கிறேன். அந்தப் புளிப்பு ஆக்ஸாலிக் அமிலம். ஒரு இலை, இரண்டு இலைக்குப் பயமில்லை. பூனை, நாய் இருக்கிற வீட்டில் மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள், அதுகள் நிறையத் தின்றால் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வாயிலேயே வைக்க வேண்டாம். நட்சத்திரப் பழமும் இதே குடும்பம்தான். சிறுநீரக நோயாளிகள் அதைத் தொடக் கூடாது என்று டாக்டர்களே சொல்வார்கள், தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம் வளர்ப்பது. தொட்டி பெரிசாக வேண்டாம், கிழங்குக்கு நெருக்கம் பிடிக்கும். ஆழமும் வேண்டாம். கிழங்கை ஒரு அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் கீழே படுக்க வைத்து மூடினால் போதும், தலை எது கால் எது என்று பார்க்கத் தேவையில்லை, எப்படிப் போட்டாலும் மேலே வரும். மண்ணில் தேங்காய் நார்த்தூளும் கருகின நெல் உமியும் தாராளமாகக் கலக்க வேண்டும். தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகிவிடும். மேல் மண் காய்ந்ததும் ஊற்றுங்கள், தினமும் ஊற்ற வேண்டியதில்லை. அடியில் தட்டு வைக்காதீர்கள், வைத்தால் ஊற்றின கையோடு கவிழ்த்துவிடுங்கள். அந்தத் தட்டுத் தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டை போடும். சுகாதாரத் துறை ஆட்கள் சோதனைக்கு வந்தால் முதலில் பூந்தொட்டித் தட்டைத்தான் தூக்கிப் பார்ப்பார்கள், கொசுப் புழு இருந்தால் அபராதம் போடுவார்கள். இந்த வட்டாரத்தில் டிங்கிக் காய்ச்சலில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

காலை வெயில் நல்லது, பதினொரு மணிக்கு மேல் நேர் வெயில் வேண்டாம். வீட்டுக்குள் வைப்பதானால் ஜன்னல் பக்கம், வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு துவளும். ஏர்கான் காற்று நேராக அடிக்கிற இடமும் வேண்டாம், அங்கே சிவப்புச் சிலந்திப் பூச்சி வரும். இலை புள்ளி புள்ளியாக வெளுத்து, அடியில் மெல்லிய நூல் தெரிந்தால் அதுதான். தண்ணீர்க் குழாயால் இலையின் அடிப்பக்கம் அடித்துக் கழுவுங்கள், மறு வாரமும் கழுவுங்கள், வேப்பெண்ணெய் சாயங்காலத்தில் தெளியுங்கள். ஆரஞ்சுத் தூள் மாதிரி ஒட்டியிருந்தால் அது துரு நோய், அந்த இலையை வெட்டி வெளியே போட்டுவிடுங்கள், மற்ற தொட்டிக்குப் பரவும். செடி படுத்துவிட்டால் தண்ணீரை நிறுத்துங்கள், உரம் போடாதீர்கள், நிழலில் தள்ளி வையுங்கள். முளை தெரிந்ததும்தான் தண்ணீர். மழையில் மட்டும் விடவே விடாதீர்கள்.

பாலிக் பூலாவ் தோட்டம்

பாட்டி சொன்னதில் எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. மழையில் விடக் கூடாது என்றால் என் தோட்டத்தில் ஒன்றுமே இருக்காது. தொட்டியில் தண்ணீர் நிற்கும், அதனால் அழுகும். தரையில், அதுவும் சரிவான இடத்தில், மழை வந்த வழியே ஓடிவிடும். நான் ரம்புத்தான் மரத்தடியில் நட்டிருக்கிறேன். இலை உதிர்ந்து மக்கின மண், வடிகட்டின வெயில். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் கொட்டுகிற மழையையெல்லாம் அது தாங்கியிருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில்தான் கொஞ்சம் படுக்கும், மழை கண்டதும் எழுந்துவிடும்.

என் மனதில் நிற்பது புல் வெட்டுகிற மெஷின் சத்தம். ஆள் வந்தபோது நான் வீட்டில் இல்லை. கேட்டைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் மரத்தடி முழுக்க ஊதா நிறக் கூழ். அவர் கால் சட்டையில், மெஷின் தகட்டில், மரத்தின் பட்டையில்கூட ஒட்டியிருந்தது. புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. அவர் என் முகத்தைப் பார்த்து மெஷினை நிறுத்திவிட்டார். புல் என்று நினைத்துவிட்டேன் அக்கா என்று இந்தோனேசிய மலாயில் சொன்னார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும். தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிழங்கு கீழேதானே இருந்தது! கொஞ்ச நாளில் முன்பைவிட அடர்த்தியாக வந்தது. பழைய இலையெல்லாம் ஓட்டையும் கிழிசலுமாக இருந்தது, புது இலை அத்தனையும் பளபளவென்று. இப்போது நானே அடிக்கடி மண்மட்டத்துக்கு வெட்டிவிடுகிறேன். செத்தாப்பாக் தம்பி, உங்கள் சின்னம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று, பச்சை இலையும் மஞ்சள் பூவுமாகத் தரையில் படர்கிற காட்டுப் புளியாரையை ஊதா செடிப் பக்கம் சேர்க்காதீர்கள். அதன் காய் முற்றினால் தொட்டவுடன் வெடித்து விதை முகத்தில் அடிக்கும். அக்கம்பக்கத்துத் தொட்டி எல்லாவற்றிலும் முளைத்துவிடும், பிடுங்கி மாளாது.

தஞ்சோங் பூங்கா டாக்டர்

பாட்டி, நட்சத்திரப் பழம் சொன்னது சரிதான், என்னிடம் வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். நம் ஊரில் பெலிம்பிங் என்பது அந்த மரத்தைத்தான். அதன் இலையும் ராத்திரியில் மடங்கித் தொங்கும். ஆயர் ஈத்தாம் சகோதரி, உங்கள் பக்கத்தில் எங்காவது பெலிம்பிங் மரம் இருந்தால் சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

செயின்ட் பேட்ரிக் விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அது வேறு செடி.

கெப்போங் ஆபீஸ்காரி

அழுகல் பற்றி ஒரு சின்ன விஷயம். கிழங்கை அமுக்கினால் கெட்டியாக இருந்தால் உயிர். மெதுமெதுவென்று அமுங்கி நாற்றம் வந்தால் போய்விட்டது, அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைப் புது மண்ணில் போடுங்கள். ஆபீஸில் என் மேஜைத் தொட்டியை இப்படித்தான் காப்பாற்றினேன். பாதிக் கிழங்கு போய்விட்டது, மீதி இப்போது தொட்டி கொள்ளாமல் நெருக்குகிறது, பிரிக்கிற நேரம்.

கிழங்கு வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள். காசு வேண்டாம். ஈரம் இல்லாத செய்தித்தாளில் சுற்றித் தருகிறேன், பிளாஸ்டிக்கில் கட்டினால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை செந்தூல் சந்தைப் பக்கம் வருவேன். பாட்டி, உங்களுக்கு இரண்டு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன்.