கல்யாண போட்டோ சிடியை கம்ப்யூட்டர் படிக்க மறுக்கிறது, என்ன செய்யலாம்?

தங்கச்சிமடத்தான்:
அக்கா கல்யாணம் 2009-இல் நடந்தது. ஸ்டூடியோவில் ஆல்பத்தோடு இரண்டு தட்டு கொடுத்தார்கள், ஒன்று டிவியில் போட்டுப் பார்க்கிற வீடியோ, இன்னொன்றில் போட்டோ எல்லாம் ஃபைலாக இருக்கும். ஆல்பம் ஒரு மழையில் நனைந்து தாளோடு தாள் ஒட்டிப்போய்விட்டது, இந்தத் தட்டுதான் மிச்சம். அப்பா தவறி நான்கு வருடம் ஆகிறது. கடலுக்குப் போன ஆள், கேமரா முன்னால் நிற்கவே மாட்டார், அவர் வெள்ளை வேட்டி சட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிற படங்கள் இதில் மட்டும்தான் இருக்கின்றன.

வீட்டு கம்ப்யூட்டரில் போட்டால் மூன்று நான்கு தடவை வேகமாகச் சுற்றுகிறது, உள்ளே டக் டக் என்று சத்தம் வருகிறது, அப்புறம் ‘டிஸ்க்கைப் போடுங்கள்’ என்று கேட்கிறது. பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 0 பைட். வீடியோ தட்டு மட்டும் இதே டிரைவில் நன்றாக ஓடுகிறது. போட்டோ தட்டில் கீறல் இல்லை, ஓரத்தில் மட்டும் வெள்ளையாக மங்கல் தெரிகிறது. டூத்பேஸ்ட் தேய்த்தால் சரியாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், தேய்க்கலாமா?

கேணிக்கரை சர்வீஸ்:
தம்பி, பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அது அடிப்பக்கப் பிளாஸ்டிக்கில் லேசான கீறல் இருந்தால் தேய்த்து மழுக்கும், அவ்வளவுதான். உங்களுக்குக் கீறலே இல்லையே, புதிதாக நீங்களே கீறல் போட்டதாகிவிடும். திரும்பத் திரும்ப டிரைவில் போட்டுப் பார்ப்பதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள்.

முதலில் தட்டின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 700 எம்பி என்றால் சிடி, 4.7 ஜிபி என்றால் டிவிடி. இதை ஏன் கேட்கிறேன் என்றால், டிவிடி டிரைவுக்குள் இரண்டு லேசர் இருக்கிறது, சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒன்று பலவீனமாகி மற்றது நன்றாக இருக்கும். அதனால் வீடியோ டிவிடி ஓடுகிறது என்பதை வைத்து டிரைவ் நல்லா இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. வேறு ஏதாவது ரைட் பண்ணின சிடி இருந்தால் போட்டுப் பாருங்கள், கடையில் விற்ற பாட்டு சிடி வேண்டாம், அதில் வெளிச்சம் நன்றாகத் திரும்பி வருவதால் மங்கின லென்ஸ் கூடப் படித்துவிடும்.

நம் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணலும் உப்பு ஈரமும் சன்னல் வழியாக வந்து லென்ஸில் படலமாகப் படிந்துவிடும். டிரேயை வெளியே இழுத்து, ரப்பர் பல்பால் காற்று ஊதினாலே பல தடவை சரியாகும்.

கீழக்கரை அக்கா:
மங்கல் மேலே ஒட்டினதா, உள்ளே இறங்கினதா என்பதுதான் முக்கியம். சிடியில் அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், தகவல் இருக்கிற படலம் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய வார்னிஷ் மட்டும்தான் அதற்குக் காவல். பலரும் பளபளப்பான பக்கத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு லேபிள் பக்கத்தைத் தரையில் தேய்ப்பார்கள், போவது அங்கேதான். ஓரத்தில் வார்னிஷ் விட்டுப்போனால் ஈரம் உள்ளே புகுந்து வெள்ளிப் படலத்தை அரிக்கும்.

கழுவிப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு, விரல் நுனியால் மெதுவாக. நம் ஊர் போர் தண்ணீர் உவர், காய்ந்தால் அதுவே வெள்ளைத் திட்டாகும், அதனால் கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற விற்கிற டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுத்துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்கணும், வட்டமாகத் துடைக்காதீர்கள். தகவல் வட்டச்சுருளாகத்தான் எழுதியிருக்கிறது, அதே திசையில் கீறல் விழுந்தால் ஒரே தடம் நீளத்துக்குப் போய்விடும், குறுக்கே விழுந்தால் பிழை திருத்தம் சமாளித்துவிடும். நிழலில் காயவிடுங்கள், வெயில் ஆகாது. காய்ந்ததும் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தான்:
அக்கா, கழுவினேன். மங்கல் பாதி போய்விட்டது, மீதி உள்ளே இருக்கிறது போல, ஓரத்தில் மூன்று துளையும் தெரிகிறது. அண்ணே, நீங்கள் கேட்டது சரி, இது 700 எம்பி சிடிதான். லென்ஸை ஊதிவிட்டுப் போட்டதும் ஃபோல்டர்கள் தெரிந்தன! சர்ச், வரவேற்பு, வீடு என்று மூன்று. ஆனால் காப்பி பண்ணினால் பாதியில் ‘சைக்ளிக் ரிடன்டன்சி’ என்று ஏதோ சொல்லி நின்றுவிடுகிறது.

கேணிக்கரை சர்வீஸ்:
ஃபோல்டர் தெரிந்ததே நல்ல சேதி. அந்த சைக்ளிக் ரிடன்டன்சி என்பது, படித்த தகவல் பிழையாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்வது. சிடி நடுவிலிருந்து வெளியே எழுதப்படுவது, ஃபைல் பட்டியல் உள்பக்கம் இருக்கிறது, உங்கள் சேதம் ஓரத்தில். ஆகையால் கடைசியாக எழுதின ஃபைல்கள்தான் தகராறு பண்ணும். விண்டோஸில் ஒவ்வொன்றாக இழுத்துப் போராட வேண்டாம். பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலான இலவச சிஸ்டம்) ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கி, பழுதான தட்டிலிருந்து தகவலை மீட்கிற டிடிரெஸ்க்யூ நிறுவி, முழுத் தட்டையும் ஒரே இமேஜாக, அதாவது தட்டின் நகலாக ஒரே ஃபைலில் எடுங்கள். ஒரு சிடியில் தகவல் சின்னச் சின்னத் துண்டாக, செக்டராக இருக்கும், சுமார் 3,60,000 செக்டர், ஒவ்வொன்றும் 2,048 பைட். டிடிரெஸ்க்யூ படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாததைக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு ஃபைலை அழித்துவிடாதீர்கள், அதே இமேஜையும் குறிப்பையும் வைத்து இன்னொரு டிரைவில் ஓட்டினால் விட்டுப்போன செக்டரை மட்டும் தேடும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும், இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என்னிடம் பழைய சிடி ரைட்டர் ஒன்று இருக்கிறது, ராமநாதபுரம் வந்தால் எடுத்துப் போங்கள், காசு வேண்டாம்.

தங்கச்சிமடத்தான்:
அண்ணே, முடிந்தது. எங்கள் டிரைவில் ராத்திரி முழுக்க ஓடியும் படிக்க முடியாமல் 4,000 செக்டருக்கு மேல் நின்றது, உங்கள் ரைட்டரில் போட்டதும் 600-க்குக் கீழே வந்துவிட்டது. மொத்தம் 237 படம், 229 முழுசாகத் திறக்கிறது. மற்ற எட்டும் ‘வீடு’ ஃபோல்டரில் இருப்பவை, மேல்பாதி தெரிகிறது, கீழே சாம்பல் நிறம். அதில் ஒன்றில் அப்பா எங்கள் வாசலில் நிற்கிறார், முகம் முழுசாக இருக்கிறது, வேட்டிதான் போய்விட்டது. அம்மாவுக்கு அதைத்தான் முதலில் காட்டினேன்.

ஒரு காப்பி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. ரைட்டரை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன், கடை திறந்திருக்குமா?