வேறு நாட்டில் வீடு வாங்க: குடியுரிமை முக்கியமா, வசிப்பிடமா?

வரிப்புலி:
வேறு நாட்டில் வீடு வாங்க நினைக்கும் எல்லாரும் முதலில் பாஸ்போர்ட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். எங்கே வசிக்கிறோம் என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கட்சி. இங்கிலாந்தைப் பாருங்கள். வாங்குவதற்கு முந்தைய 12 மாதங்களில் 183 நாளாவது பிரிட்டனில் இருக்கவில்லை என்றால், முத்திரைத் தீர்வையோடு வீட்டு விலையில் 2% கூடுதல். 2021 ஏப்ரல் முதல் இப்படித்தான். துபாயில் வேலை பார்க்கும் பிரிட்டிஷ் குடிமகனும் அதைக் கட்ட வேண்டும். லண்டனிலேயே தங்கியிருக்கும் அந்நியருக்கு அது கிடையாது.

எல்லைக்கல்:
2% எல்லாம் ஒரு தொகையா? சிங்கப்பூருக்கு வாருங்கள். 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் குடியிருப்பு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை மட்டும் 60%. வேலை விசாவில் அங்கே எத்தனை வருடம் இருந்தாலும் அதே 60%தான். ஆனால் அமெரிக்கக் குடிமகனுக்கு, தடையற்ற வணிக ஒப்பந்தத்தின் புண்ணியத்தில், சிங்கப்பூர் குடிமகனுக்கு உள்ள அதே சலுகை. முதல் வீடென்றால் அந்தத் தீர்வையே இல்லை. எங்கே வசிக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இது பாஸ்போர்ட் இல்லாமல் வேறென்ன?

வரிப்புலி:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே சிங்கப்பூரில் நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கு 5%தான். வெளிநாட்டவர் வீடு வாங்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் வந்த கனடாவின் தடை 2027 ஜனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதிலும் நிரந்தரவாசிக்கு விலக்கு உண்டு. ஏற்கெனவே கட்டிய வீடுகளை வெளிநாட்டவர் வாங்க ஆஸ்திரேலியா 2025 ஏப்ரலில் போட்ட தடையிலும் அப்படியே.

எல்லைக்கல்:
நிரந்தரவாசம் என்பது அரசு பார்த்துக் கொடுக்கும் அனுமதி. 183 நாள் தங்குவது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். தாய்லாந்தில் அந்த அனுமதி இருந்தாலும் வெளிநாட்டவர் பெயரில் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடி வீடு வாங்கலாம், அதுவும் அந்தக் கட்டடத்தின் விற்பனைப் பரப்பில் வெளிநாட்டவருக்கான 49%க்குள் இடம் இருந்தால். அங்கே போய் 183 நாளை எண்ணி என்ன செய்வீர்கள்?

வாடகைவாசி:
இருவரும் வாங்குகிற நாளிலேயே நிற்கிறீர்கள். விற்கும்போதுதானே வலிக்கும்? அமெரிக்காவில் வெளிநாட்டவர் வீட்டை விற்றால், பொதுவாக வாங்குபவர் விலையில் 15% பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிடுவார். லாபத்தில் இல்லை, மொத்த விலையில். நஷ்டத்துக்கு விற்றாலும் பிடித்தம் உண்டு, அப்புறம் கணக்குத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். பச்சை அட்டை, அதாவது அமெரிக்க நிரந்தரவாச அனுமதி, வைத்திருப்பவருக்கு இந்தப் பிடித்தம் இல்லை. இன்னொன்று: குடியுரிமையும் இல்லாமல், நிலையாக அங்கே வாழாமலும் இருப்பவர் இறந்தால், அங்குள்ள சொத்தில் பொதுவாக 60,000 டாலருக்கு மேல் மரபுரிமை வரிக் கணக்கு தொடங்கும். இதையெல்லாம் விற்பனை முகவர் சொல்வாரா?

வரிப்புலி:
பச்சை அட்டை, நிலையாக வாழ்வது. பார்த்தீர்களா, என் பக்கம்தான் பேசுகிறார்.

எல்லைக்கல்:
அவர் 'குடியுரிமையும் இல்லாமல்' என்றுதான் ஆரம்பித்தார். வசதியாக விட்டுவிட்டீர்கள்.

வாடகைவாசி:
நான் யார் பக்கமும் இல்லை. வீடு வாங்கினால் வசிப்புரிமை கிடைக்கும் என்று கிளம்புகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: முதலீட்டுக்கு வசிப்புரிமை தரும் திட்டத்திலிருந்து போர்ச்சுகல் 2023 அக்டோபரில் வீட்டு முதலீட்டை எடுத்துவிட்டது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் தன் திட்டத்தையே மூடிவிட்டது. பழைய விளம்பரங்களைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள்.