சொந்தபந்தம் இல்லாத சைட்டுல பத்து வீடு சேர்ந்து பழக என்ன வழிங்க?

இட்டேரி கேட்டது:

வணக்கமுங்க. திருப்பூருக்கு வெளியே, பெருமாநல்லூர் பக்கம் புதுசா விழுந்த வீட்டுமனை சைட். 46 வீடு, பாதிக்கு மேல வாடகைக் குடி. தேனி, விருதுநகர், திருவண்ணாமலைன்னு ஆளுக்கொரு ஊர். காலைல எட்டரைக்கு பனியன் கம்பெனிக்குப் போனா ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி எட்டரைக்கு மேலதான் வீட்டுக் கதவு திறக்குது. ஒறம்பரை, சொந்தம்னு பக்கத்துல ஒருத்தரும் இல்லை. ஒரு வீட்டுல நல்லது கெட்டதுன்னா அடுத்த வீட்டுக்கு மறுநாள்தான் தெரியுது.

பத்து வீடாவது ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசையா இருக்கற மாதிரி ஏற்பாடு பண்ணணும். சங்கம், தலைவர், செயலாளர் எதுவும் வேண்டாம். இங்க ரெண்டு தடவை குழு ஆரம்பிச்சு ரெண்டும் நாலு மாசத்துல கலைஞ்சுது. எங்க, எப்போ, எத்தனை பேரோட ஆரம்பிக்கறது? காசை எப்படிக் கையாள்றது? ஆஸ்பத்திரி, எழவுன்னு வந்தா யார் என்ன செய்யறது? விவரம் தெரிஞ்சவங்க நுணுக்கமாச் சொல்லுங்க.

---

நொய்யல்கரை பதில்:

நாலு மாசக் கணக்குல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. அமெரிக்காவுல கான்சாஸ் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹால் 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டார். முகம் தெரிஞ்சவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல கூட இருக்கணும்னு கணக்கு வந்துது. இன்னொண்ணும் சொன்னார்: வேலைல பக்கத்துப் பக்கத்துல இருந்த நேரம் இதுல அவ்வளவா சேராது. பனியன் கம்பெனில ஒரே லைன்ல அஞ்சு வருஷம் செக்கிங் பார்த்தவங்க வெளிய பாத்தா தலையாட்டிட்டுப் போறது இதனாலதான்.

இப்ப உங்க குழுவைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை ஒன்றரை மணி நேரம் மட்டும் கூடினா நாலு மாசத்துல 26 மணி நேரம்கூட முழுசா வராது. பாதி தூரம். ஒட்டறதுக்கு முன்னாடியே சலிப்பு வந்துருது. அதோட வாரத்துல நாலு நாள் இருபது இருபது நிமிஷம் சேர்த்தா வாரத்துக்கு ரெண்டே முக்கால் மணிக்கு மேல ஆகும், 18 வாரத்துல 50 மணி. அந்த இருபது நிமிஷத்துக்குப் புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். எப்படியும் செய்யற வேலையை ரெண்டு பேராச் செய்யறதுதான். நல்ல தண்ணி வர்ற நாள்ல குடம் வெக்கறது, பால் வாங்கப் போறது, பிள்ளைங்களை வேன் ஏத்தி விடறது, காய்கறிச் சந்தை.

ஆரம்பிக்கற மாசமும் முக்கியம். தீபாவளிக்கு முன்னாடி ஓவர்டைம், பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு, மே மாசம் பொம்பளைங்களும் பிள்ளைங்களும் இருக்க மாட்டாங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததும் ஆரம்பிச்சா தீபாவளி நெருக்கடிக்கு முன்னாடி 18 வாரம் கைல கிடைக்கும்.

46 வீட்டுக்கும் நோட்டீஸ் குடுத்துராதீங்க. மொதல்ல மூணு வீடு. அவங்க ஆளுக்கு ரெண்டு வீட்டைக் கூட்டிட்டு வரட்டும். பத்து வீட்டைக் கூப்பிட்டா ஆறு வீடு ஒழுங்கா வரும், அது போதும்.

இடம் யாரோட வீடாகவும் இருக்கக் கூடாது. வீட்டுல வெச்சா மொத வாரம் டீ, ரெண்டாவது வாரம் போண்டா, ஆறாவது வாரம் பிரியாணி. ஒத்தை ரூம்ல குடியிருக்கறவங்க தன் முறை வர்றதுக்குள்ள நின்னுக்குவாங்க. கோயில் திண்ணையும் வாராவாரத்துக்குச் சரிப்படாது, ஒரு சில வீட்டுக்கு அது அடுத்தவங்க இடமாத் தோணும். ரிசர்வ் சைட்டுல, அதாவது பொதுவுக்குன்னு விட்ட காலி இடத்துல, நாலு பிளாஸ்டிக் சேர், ஒரு பாய், பிளாஸ்க்ல டீ, வேகவெச்ச கள்ளக்காய் (கடலைக்காய்). ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணி, ஆறரைக்கு எந்திரிச்சரணும். ரெண்டே பேர் வந்தாலும் நடத்துங்க. "இந்த வாரம் இருக்குதா இல்லையா"ன்னு போன்ல கேட்கற நிலைமை வந்துட்டா அடுத்த மாசம் குழு இருக்காது.

நம்ம பக்கத்துல பேச்சு ஆரம்பிக்கறதே "எந்த ஊருங்க, என்ன கூட்டமுங்க, குலதெய்வம் எங்கீங்க"ன்னுதான். கூட்டம்னா குலப்பிரிவு. கேட்கறவருக்கு அது மரியாதை விசாரிப்பு, கேட்கப்படறவருக்குச் சாதியைத் தோண்டற கேள்வி. ஊர் பேரோட நிறுத்திக்கணும்னு மொத மூணு வீடும் தங்களுக்குள்ள முடிவு பண்ணிக்குங்க.

கடைசியா, உதவி செய்யறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு உதவி கேளுங்க. பார்சல் வாங்கி வெக்கச் சொல்றது, சாவி குடுத்துட்டுப் போறது, ஒரு கொத்து கறிவேப்பிலை. எப்பவும் குடுக்கற கையாவே இருந்தா எதிர்ல இருக்கறவருக்குக் கூச்சம்தான் வளரும். குழம்பு குடுத்த டப்பாவை வெறுமனே திருப்பக் கூடாதுன்னு ஒரு வழக்கம் இருக்குதில்லைங்க, அதுவும் பாரமாகும். "வெறும் டப்பாவாவே குடுங்க"ன்னு மொத நாளே சொல்லிருங்க.

---

தறிக்குழி பதில்:

காசு பத்தி மட்டும் சொல்றேன்.

வட்டத்துக்குள்ள கைமாத்து கூடாது. வேணும்னா 500 ரூபாய் வரைக்கும், அடுத்த சனிக்கிழமை சம்பளத்துல திரும்பணும். அதுக்கு மேல போனா, வாங்கினவர் ரோட்டுல எதிர்ல வர்றதைத் தவிர்ப்பார். காசு போனதோட ஆளும் போயிருவார்.

அவசர நிதி வேணும்னா: பத்து வீடு, வீட்டுக்கு மாசம் 100. வருஷத்துக்கு 12,000. மருத்துவத்துக்கு மட்டும், ஒரு தடவைக்கு 3,000 வரை, வட்டி இல்லை, மூணு மாசத்துல திரும்பணும். ரெண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும்கற மாதிரி வங்கிக் கணக்கு. ஒருத்தர் ஜிபேல போட்டு வெக்கறது வேண்டாம். அவரே நல்லவரா இருந்தாலும் ஒரு நாள் பேச்சு வரும். நோட்டுல எழுதினதை மாசக் கடைசி ஞாயிறு சத்தமாப் படிக்கணும்.

பொம்பளைங்க பன்னெண்டு பேருக்கு மேல சேர்ந்துட்டா மகளிர் குழுவாவே பதிஞ்சுக்கலாம். தமிழ்நாட்டுல அந்தத் திட்டம் 1989-ல தர்மபுரியிலதான் தொடங்குச்சு. ஆறு மாசம் ஒழுங்காக் கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்தல், கணக்கு நோட்டு எல்லாம் நடந்தா வங்கி இணைப்புக் கடன் கேட்கலாம். ஆனா கடன்தான் நோக்கம்னு ஆயிட்டா ஞாயித்துக்கிழமைப் பேச்சு செத்துரும். ரெண்டையும் வேற வேற நாள்ல வெச்சுக்குங்க.

சீட்டு வேண்டவே வேண்டாம். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பண்ணாம நடத்தறதே குற்றம். முதலீடு, சங்கிலி வியாபாரம், "ஒரு மீட்டிங் வந்து பாருங்க" இதெல்லாம் எவராவது எடுத்தா அன்னைக்கே தடுக்கணும், பெரியவராக இருந்தாலும். ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டுத் திட்டம் 2012-ல கவிழ்ந்ததை நம்ம பக்கத்துல யாருக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லை.

மொய்: வீட்டுக்கு 200 போட்டு, பத்து வீட்டுக்கும் சேர்த்து, ஒரு ரூபாய் கூட வெச்சு 2,001 ஒரே கவர்ல. கவர் மேல சைட் பேர் மட்டும். தனித்தனியா எழுதினா யார் கூட, யார் கம்மின்னு கணக்கு ஓடும். அதோட பதில்மொய்க்குத் தேனி வரைக்கும் பஸ் செலவு யார் குடுக்கறது?

---

ஊத்துக்குளி வெண்ணெய் பதில்:

ஆஸ்பத்திரி, துக்கம் இரண்டையும் பற்றிச் சொல்கிறேன். இரண்டிலும் கெடுப்பது ஒரே வாக்கியம்தான்: "என்ன வேணும்னாலும் சொல்லுங்க." கேட்கிறவர் எதையும் சொல்ல மாட்டார். அதற்குப் பதிலாகச் செய்யப்போவதைச் சொல்லிவிடுங்கள். "நாளைக்கும் மறுநாளும் காலை டிபன் ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்." "பையன் மூணு நாள் எங்க வீட்டில் படுத்துக்கட்டும்." மறுப்பதற்கு மட்டும்தான் அவர் வாயைத் திறக்க வேண்டும்.

முன்னேற்பாடாக ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு கவர் தொங்கட்டும். அதில் எல்லோருடைய ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, ஊரில் முதலில் சொல்ல வேண்டிய இருவரின் எண், ஈஎஸ்ஐ எண், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகல். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு இந்தக் கவரைக் கையில் எடுத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் பாதி அலைச்சல் மிச்சம். பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், பெற்றோர் வர முடியாதபோது கூட்டிப்போக இரண்டு பேருடைய பெயரை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவசரத்தில் பக்கத்து வீட்டார் போய் நின்றால் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது.

படுத்தவர் ஈஎஸ்ஐ உள்ள தொழிலாளி என்றால், ஒருவர் அந்தக் காகிதத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நோய்க்காலப் பணம் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. மருத்துவச் சான்று தேதி விட்டுப்போனால் அந்த நாட்களுக்குக் கிடைப்பது சிரமம். வாரக்கூலிக் குடும்பத்துக்கு அது பத்து நாள் சோற்றைவிடப் பெரிய உதவி.

துக்கத்தில் முதல் நாள் ஆள் தானாக வந்துவிடும். பந்தல், நாற்காலி, பிரீசர் பெட்டி, சோறு எல்லாம் நடக்கும். தவறிப்போவது பதிவுதான். வெளியூர்க்காரர் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டு அங்கே பதியப் பார்ப்பார். இறப்பு எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துக்குரிய அலுவலகத்தில்தான் பதிவு, 21 நாளுக்குள். வீட்டில் இறந்திருந்தால், பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்றை வண்டி கிளம்புவதற்கு முன் வாங்கிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் என்றால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். ஆனால் பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒருவர் கூட நின்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழை பின்னால் வங்கி, பிஎஃப் என்று எல்லா இடத்திலும் நிறுத்தும்.

கருமாதி முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். உண்மையான வெறுமை அதற்குப் பிறகுதான். ஆகவே காலண்டரில் குறித்து வையுங்கள்: மூன்றாவது வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், முதல் தீபாவளி, முதல் பொங்கல், முதல் திதி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வீட்டின் பெயர். அந்த வருடம் அவர்களுக்கு நோம்பி, பண்டிகை கிடையாது என்பதால் பலகாரத்தோடு போகக் கூச்சப்பட்டு ஒருவருமே போகாமல் விட்டுவிடுவோம். பலகாரம் இல்லாமல், பழமோ காப்பிப்பொடியோ எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் உட்காருங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசலாம். பெயரைத் தவிர்ப்பதுதான் அதிகம் உறுத்தும். கணவரை இழந்த பெண்ணை ஞாயிற்றுக்கிழமை வட்டத்திலிருந்து நகர்த்தி வைக்கும் வழக்கம் மட்டும் உங்கள் சைட்டுக்குள் நுழையக் கூடாது. டீ பிளாஸ்க்கை அவர் கையில் கொடுங்கள்.

---

இட்டேரி:

ரொம்ப நன்றிங்க. கவர் யோசனையை இந்த வாரமே ஆரம்பிச்சர்றோம். ஒரு சந்தேகம். பொம்பளைங்க எப்படியும் வந்துருவாங்க. ஆம்பளைங்க டீக்கடை, இல்லைன்னா வேற கடை. பாய் விரிச்சு உக்காரச் சொன்னா வர மாட்டேங்கறாங்களே?

---

சலங்கை பதில்:

உக்காந்து பேசச் சொன்னா வர மாட்டாங்க, கைக்கோ காலுக்கோ வேலை குடுத்தா வருவாங்க. சைட்ல கம்பம் நடறது, மரக்கன்னுக்குத் தண்ணி ஊத்தறது, வாலிபால், எதுவா இருந்தாலும் சரி. பேச்சு தானா வரும், முகத்தைப் பார்க்காமலே பேசலாம்கறதுதான் அவங்களுக்கு வசதி.

நம்ம பக்கத்துல அதுக்கு ஏத்தது, வள்ளி கதையைப் பாடி ஆடற வள்ளி கும்மிங்க. இந்தக் கும்மிக்காக மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தவர் அவர். வட்டமா நின்னு ஆடறதால முன்னாடி பின்னாடி கிடையாது, ஆறு வயசும் அறுவது வயசும் ஒரே வட்டத்துல நிக்கலாம். வாத்தியார் வந்து வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி, ஒன்பது மணிக்கு மேல சொல்லிக் குடுத்தா ஷிப்ட் முடிச்சவங்களும் வரலாம். அரங்கேற்றம்னு ஒரு நாள் குறிச்சுட்டாப் பாதில யாரும் நிக்க மாட்டாங்க.

ரெண்டு விஷயத்தை முன்னாடியே பேசிக்குங்க. வாத்தியார் சம்பளம், அரங்கேற்றத்துக்கு ஒரே நிறத்துல துணி, ஒலிபெருக்கி, எல்லாம் சேர்த்து வீட்டுக்கு என்ன ஆகும்னு மொத நாளே சொல்லிரணும். அப்பறம், சில குழு ஒரே சமூகத்து ஆளுங்களாவே நடக்குது. வாத்தியார்கிட்ட "எல்லா வீட்டு ஆளுங்களும் வருவாங்க"ன்னு தெளிவாச் சொல்லிட்டுக் கூப்பிடுங்க.

---

நொய்யல்கரை பதில்:

ஒண்ணு விட்டுப்போச்சு. பழக்கம் ஆழமானா யாராவது ஒரு நாள் பெரிய வெசனத்தைச் சொல்லுவாங்க. அப்ப அறிவுரை சொல்லாதீங்க, "எல்லாருக்கும் இருக்கறதுதான்"னும் சொல்லாதீங்க. ஜிம்பாப்வேல 2006-ல டிக்சன் சிபாண்டான்னு ஒரு மனநல மருத்துவர் உள்ளூர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி குடுத்து, மருத்துவமனை வளாகத்துல ஒரு பெஞ்சுல உக்கார வெச்சார். அந்தப் பாட்டிங்க செய்யற முறை எளிசு. இருக்கற பிரச்சினை எல்லாத்தையும் சொல்ல விடறது, அதுல ஒண்ணை மட்டும் அவரையே பொறுக்கச் சொல்றது, இந்த வாரத்துக்குள்ள செய்ய முடிஞ்ச ஒரே ஒரு காரியத்தை முடிவு பண்றது, அடுத்த வாரம் "என்ன ஆச்சு"ன்னு கேக்கறது. கடைசிதான் உசுரு, அதைத்தான் நாம மறந்தர்றோம். கேட்டது அந்த ரெண்டு பேருக்குள்ளயே இருக்கணும், வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது.

ஆனா "நான் இருந்து என்ன பண்றது"ங்கற மாதிரிப் பேச்சு வந்தா, தூக்கம், சாப்பாடு ரெண்டும் விட்டுப்போயிருந்தா, அது நம்ம கையோட நிக்கற விஷயம் இல்லைங்க. சாகற எண்ணம் இருக்குதான்னு நேராவே கேளுங்க, கேக்கறதால எண்ணம் புதுசா வந்துராது. தனியா விடாதீங்க. பூச்சி மருந்து மாதிரி எதாவது வீட்டுல இருந்தா வெளிய எடுத்துருங்க. 14416, டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. பக்கத்துல உக்காந்து நீங்களே போட்டுக் குடுங்க. உடனடி ஆபத்துன்னா 108.

வாடகைக் குடி மாறிட்டே இருக்கும், அதுக்கும் ஒரு ஏற்பாடு வேணும். புதுசா வர்றவங்களுக்கு மொத நாளே ஒரு தாள் குடுங்க: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா, குப்பை வண்டி எத்தனை மணிக்கு, கேஸ் போடறவர் நம்பர், ராத்திரி திறந்திருக்கற மருந்துக்கடை. தாளோட கீழ "ஞாயிறு 5 மணி, ரிசர்வ் சைட், டீ"ன்னு ஒரு வரி. கொண்டுபோய்க் குடுக்கறவங்க அப்படியே கதவுக்குப் பின்னாடி மாட்டற ஒரு காலி கவரையும் குடுத்துட்டு வந்துருங்க.