ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் உங்களுக்கு நடந்த அசட்டுத்தனம், சொல்லுங்கள்

கோரஸ் கடைசி வரிசை
நானே ஆரம்பிக்கிறேன். பத்து வருஷம் ஆகியும் பாத்திரம் தேய்க்கும்போது திடீரென்று ஞாபகம் வந்து கூசுகிறது. சாலிகிராமத்தில் ஒரு மாடி ஸ்டூடியோ, பக்திப் பாட்டு ஆல்பம், நாங்கள் நான்கு பெண்கள் கோரஸ். டேக் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் டாக்பேக் பட்டனை அமுக்கினால்தான் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும். அதனால் நாம் பேசுவதும் அவர்களுக்குக் கேட்காது என்று நானாக நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவளிடம், "ரெண்டாவது சரணம் யாருடி எழுதினது? பால், தேன், நெய், பன்னீர்னு மளிகைக் கடை சிட்டை மாதிரி இருக்கு" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. என் பக்கம் இல்லை, சோபாவில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம். அவர்தான் தயாரிப்பாளர். சரணம் எழுதியவரும் அவரேதான்.

வேடிக்கை பார்க்கப் போனவன்
என் கதையில் வசனமே ஒரு வார்த்தைதான். தோழி வீணை வாசிப்பவள், என்னையும் கூட்டிப்போனாள். கடைசி ஸ்வரத்தை மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டாள். அவ்வளவுதானே, முடிந்தது என்று "சபாஷ்!" என்றேன். கச்சேரியில் அந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருந்தால்தானே மரியாதைக் குறைவு? ஆனால் தந்தி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்ததாம். அந்த நாதம் தானாகத் தேய்ந்து அடங்கும்வரை யாரும் மூச்சுகூட விடக்கூடாதாம். என்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தார், ரொம்ப மெதுவாக. தோழி என்னைப் பார்க்காமலே "ஒன் மோர்" என்றாள். நான் வெளியே போய்ச் செருப்பு ஸ்டாண்ட் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

தொப்பி ரவை
தம்பி, சபாஷ் சொன்னது தப்பில்லை. உங்களை உள்ளே உட்கார வைத்தவர்கள் மேல்தான் தப்பு.

நான் மிருதங்கம். வடபழனி பக்கம் ஒரு இடம், ஏசி மார்கழி மாதிரி ஓடுகிறது. தொப்பியில், அதாவது கீழ்ச் சத்தம் தரும் இடப்பக்கத் தோலில், ரவையைப் பிசைந்து அப்பி, சுருதி சேர்த்து உட்கார்ந்தேன். பாடகிக்கு நாலு தடவை வரி மாற்றினார்கள். அதற்குள் ரவை காய்ந்து, தொப்பி அடித்தொண்டையை விட்டுவிட்டு டப் டப் என்கிறது. கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். என்ஜினியர் பையன், "சார், கீழ்ச் சத்தத்தை அப்புறம் கம்ப்யூட்டர்ல ப்ளக்-இன் போட்டு ஏத்திக்கலாம்" என்றான். வந்ததே கோபம்! பதில் சொல்லாமல் சுருதி சேர்க்கிற கல்லையும் கட்டையையும் எடுத்து வலந்தலை, அதாவது வலப்பக்கத்து, வாரில் ஓங்கி இரண்டு தட்டு. மைக் திறந்திருந்தது, அவன் காதில் ஹெட்ஃபோன். நாற்காலி சுவரில் மோதி நின்றது எனக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. சொல்லிவிட்டுத் தட்டியிருக்கலாம்தான். ஆனாலும் தொடங்கி வைத்தவன் அவன்.

இன்னொன்று, பாடுகிற சுருதி என்ன கட்டை என்று முதல் நாளே சொல்லுங்கள் ஐயா. ஒரு கட்டைக்குக் கொண்டுவந்த வாத்தியத்தை ஐந்தரைக் கட்டைக்கு இழுக்க முடியாது, அதற்கு வேறு மிருதங்கம்.

இரவல் குரல்
டப்பிங் பத்து வருஷமாகச் செய்கிறேன். அம்மாவின் உடலைப் பார்த்து மகள் அழும் லூப், அதாவது டப்பிங்குக்குப் போடும் காட்சித் துண்டு. விசும்பலுக்கும் விசும்பலுக்கும் நடுவில் என் வயிறு 'க்ர்ர்ர்' என்று நீளமாகப் பேசியது. டாக்பேக்கில், "மேடம், ஹீரோயினுக்குப் பசிக்குதாம், டீ சொல்லட்டுமா?" அதற்கப்புறம் அழுகை வருமா? இருபது நிமிஷம் சிரிப்பை அடக்கவே போனது.

புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் வயிற்றோடு வராதீர்கள், வயிறு முட்டவும் வராதீர்கள், இரண்டு இட்லி போதும். பாலும் தயிரும் வேண்டாம், தொண்டையில் கோழை கட்டுகிற மாதிரி இருக்கும். வாய் காய்ந்தால் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் 'ச்சக்' என்று ஒட்டிப் பிரிகிற சத்தம் விழும். அதற்குப் பச்சை ஆப்பிள் ஒரு துண்டு. கண்ணாடி வளையல், கொலுசு, சில்லறை, சாவிக் கொத்து எல்லாம் வெளியே. பட்டுப் புடவை வேண்டவே வேண்டாம், மூச்சு விட்டாலே சரசரக்கும். பருத்தி கட்டுங்கள். சென்ட் போடாதீர்கள். அந்தச் சின்ன அறையில் உங்களுக்கு அடுத்து நிற்பவர் தும்மியே செத்துப்போவார். வசனத் தாளைப் பேசிக்கொண்டே புரட்டாதீர்கள், பக்கம் முடிகிற இடத்தில் நிறுத்திப் புரட்டிவிட்டுத் தொடருங்கள். ப வரிசை எழுத்துகள் மைக்கில் வெடிக்கும். மைக்குக்கு முன்னால் வைக்கும் வலை, பாப் ஃபில்டர், இருந்தாலும் முகத்தை லேசாகச் சாய்த்துப் பேசுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண். அழும்போது முன்னால் போய்விடுவோம், கத்தும்போது பின்வாங்கத் தோன்றாது, இரண்டையும் கவனியுங்கள். போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, அணைத்தே விடுங்கள். மேஜையில் வைத்து அது அதிர்ந்தால் மாவரைக்கிற சத்தம்.

கேள்வி மட்டும்
இங்கே யாரும் டிப்ஸ் கேட்கவில்லையே? முதல் பதிவு போட்ட அக்கா, வெள்ளைச் சட்டை என்ன சொன்னார்?

கன்சோல் பக்கம்
இரவல் குரல் அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆப்பிளைத் தவிர. தின்னுங்கள், ஆனால் வெளியிலேயே தின்றுவிட்டு வாருங்கள். மைக் ஸ்டாண்டுக்கு அடியில் நான் பொறுக்கிய ஆப்பிள் தோலுக்குக் கணக்கே இல்லை.

தொப்பி ரவை ஐயா, அந்தப் பையன் நான் இல்லை. ஆனால் அவன் கட்சி. உங்கள் வாத்தியத்தில் இருப்பது மட்டும்தான் தோல் என்று நினைக்காதீர்கள், எங்கள் காதுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. அதற்கு வார் இழுத்துக் கட்ட ஆள் கிடையாது. ப்ளக்-இன்னில் ஏற்றலாம் என்று அவன் சொன்னது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். இல்லாத சத்தத்தை எங்கிருந்து ஏற்றுவது?

என் கதை இது. ஓனர் கடன் வாங்கி ஒரு ரிப்பன் மைக் வாங்கியிருந்தார். உள்ளே அலுமினியத் தகடு ஒன்று இரண்டு காந்தங்களுக்கு நடுவில் தொங்கும். கனம் சில மைக்ரான்தான், தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன். அன்றைக்குப் பேரன் பிறந்தநாளுக்குப் பாட்டுப் பதிய ஒரு தாத்தா வந்தார், கோயில் திருவிழாவில் மைக் பிடித்துப் பழகியவர். நான் ஒலியைக் கலக்கும் கன்சோல் மேஜைப் பக்கம் போய் உட்காரக்கூட இல்லை, "ஃபூ... ஃபூ... ஹலோ" என்றார். முதல் ஃபூ நன்றாகக் கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை. 'ஹலோ' எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஓனர் எழுந்து வந்து மைக்கைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், "உட்காருங்க, காபி சாப்பிடறீங்களா?" என்றார். அந்த மனுஷன் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மைக்கைச் சோதிக்க வேண்டுமானால் பேசுங்கள். பாடப் போகிற அதே குரலில், அதே அளவில் பேசுங்கள். ஊதுவதும் விரலால் தட்டுவதும் வேண்டாம்.

பின்வரிசை வயலின்
உங்களுக்கெல்லாம் அன்டூ இருக்கிறது, ஒரு வரியை மட்டும் வெட்டி ஒட்டலாம். நான் வந்த புதிதில் பாடுபவரும் நாங்கள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பதிவோம். ஒருவர் தவறினால் எல்லோரும் பல்லவியிலிருந்து. ஒரு நாள் எல்லாம் கூடி வந்து கடைசிச் சரணம் போய்க்கொண்டிருக்கிறது, என் வில் நோட்ஸ் ஸ்டாண்டில் 'டிங்' என்று பட்டது. யாரும் திட்டவில்லை. சிவப்பு விளக்கு அணைந்ததும் பக்கத்து நாற்காலிப் பெரியவர் தன் காலால் என் ஸ்டாண்டை ஒரு முழம் தள்ளி வைத்தார். வயலினை மறுபடி தோளில் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். இன்றும் எங்கே உட்கார்ந்தாலும் முதலில் ஸ்டாண்டைத்தான் தள்ளுகிறேன்.

தொப்பி ரவை
கன்சோல் தம்பி, அவன் கட்சி என்றால் தண்ணீராவது கொடுத்திருக்க வேண்டும். கேட்டது அரை டம்ளர்.

கன்சோல் பக்கம்
ஐயா, தண்ணீர் பாட்டில் உள்ளே கொண்டுபோகலாம், ஆனால் கன்சோல் மேஜையில் மட்டும் வைக்கக் கூடாது. அதற்கும் ஒரு கதை இருக்கிறது, இன்னொரு நாள்.

கோரஸ் கடைசி வரிசை
எல்லோரும் கேட்கிறீர்கள், சரி. வெள்ளைச் சட்டை எழுந்து வந்து டாக்பேக் பட்டனைத் தானே அமுக்கி, "அம்மா, அபிஷேகத்துக்கு வேற என்னதான் வாங்கறது?" என்று கேட்டார். நிஜமாகவே கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "சந்தனம் விட்டுப்போச்சு சார்" என்றேன். ஆல்பம் வந்தபோது வாங்கிக் கேட்டேன். சரணத்தில் சந்தனம் இருக்கிறது. கோரஸில் மூன்று குரல்கள்தான் இருக்கின்றன.