பழைய செக்ரோல் புத்தகம்: கிராணி வீட்டுப் பிள்ளைகள் உதவ முடியுமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்தவள். ரப்பர் தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் முதுகலை ஆய்வு செய்துவருகிறேன்.

பாட்டியின் தகரப் பெட்டியில் 1937ஆம் ஆண்டின் செக்ரோல் புத்தகம் (தோட்டத் தொழிலாளரின் அன்றாட வேலைப் பதிவேடு) ஒன்று கிடைத்தது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீதியில் இன்னும் ஒட்டுப்பால் (காய்ந்த ரப்பர்ப் பால்) வாடை அடிக்கிறது. பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆனால் ஓரத்தில் நீலப் பென்சிலால் சிறு வட்டங்களும், சிலவற்றுக்குக் கீழே இரட்டைக் கோடும் இருக்கின்றன. அந்த வட்டம் அரைநாள் பேரை, அதாவது அரைநாள் வேலையைக் குறிக்கிறதா, வேலைக்கு வந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசின் கணக்கா? ஆய்வு மேற்பார்வையாளரிடம் கேட்டேன், "சூழலை வைத்து ஊகித்துக்கொள்" என்றார். ஊகித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அப்பாவோ தாத்தாவோ கிராணியாக (தோட்டத்து எழுத்தராக) இருந்தவர்கள் இந்தக் குழுவில் நிச்சயம் இருப்பீர்கள். பிரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடத்தில்) பேர் போடும்போது என்னென்ன குறிகள் இடுவார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 1942, 43இல் ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதைக்கு வேலையாட்களாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் குடும்பங்களையும் தேடுகிறேன். 415 கிலோமீட்டர் பாதையைப் பற்றிப் போர்க்கைதிகள் எழுதிவைத்த குறிப்புகள் நிறைய கிடைக்கின்றன. நம் ஆட்களின் கதை பெரும்பாலும் வாய்மொழியில்தான் நிற்கிறது. நேரில் வந்து பேசுவேன், அனுமதியில்லாமல் யாருடைய பெயரையும் எழுதமாட்டேன். கோலக்கங்சார், ஈப்போ வட்டாரமென்றால் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

பக்கங்களின் படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன், பெயர்களை மறைத்துத்தான்.