குழுத் தலைவர் முதலில் தர வேண்டியது நோக்கமா, வேலைமுறையா?

வைகைக்கரை:
ஒரு குழுவின் தலைவர் வேறு எதைத் தருவதற்கு முன்பும் தெளிவான பொது நோக்கத்தைத் தர வேண்டும் என்பது என் கருத்து. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அதைத் தொடங்கியபோது, தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பதையே இலக்காக வைத்தார். பணம் கட்டுபவருக்கும் கட்ட இயலாதவருக்கும் அதே மருத்துவர்களே அறுவை சிகிச்சை செய்வது அந்த நோக்கத்திலிருந்து பிறந்த முடிவுதான்.

கணக்கன்:
உடன்பட இயலவில்லை. பார்வையிழப்பை ஒழிக்க விரும்பியவர்கள் நம் நாட்டில் வேறு பலரும் இருந்தார்கள். அரவிந்தை வேறுபடுத்தியது அதன் அறுவை அரங்கில் நிலவும் ஒழுங்கு. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் இன்னொரு நோயாளி ஆயத்தமாக இருப்பார். கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதனைகளையும் முன்னேற்பாடுகளையும் கவனித்துக்கொள்வதால், மருத்துவரின் நேரம் மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்குச் செலவாகிறது. என் அலுவலகத்தில் நோக்க வாசகம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. எந்தக் கோப்பை யார், எப்போது முடிக்க வேண்டும் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

வைகைக்கரை:
நீங்கள் சொல்லும் வாசகம் எந்த முடிவையும் மாற்றவில்லை என்றால், அதை நோக்கம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை லென்ஸின் இறக்குமதி விலை ஏழைகளுக்கு எட்டாததாக இருந்தது. வருமானத்தை மட்டும் பார்க்கும் மருத்துவமனை, வாங்க முடிந்தவருக்கு அதைப் பொருத்திவிட்டு அத்துடன் நின்றிருக்கும். இவர்களோ 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தையே தொடங்கி, லென்ஸைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தார்கள். எந்த வேலைமுறைக் கையேடும் ஒரு மருத்துவமனையை லென்ஸ் தயாரிக்கச் சொல்லாது.

மாடக்குளம்:
இருவரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்கிறேன். அரவிந்தைக் குறித்து இதைச் சொல்லவில்லை. பொதுவாகவே, உயர்ந்த நோக்கத்தைக் காட்டிக் கூடுதல் நேரத்துக்கு ஊதியம் தராமல் வேலை வாங்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். சேவை என்ற சொல்லுக்கு முன் ஊழியர் வாய் திறந்து கேட்கவும் கூசுவார். ஆகவே நோக்கத்தை முன்வைக்கும் தலைவர், அதற்காக ஊழியரிடம் எதைக் கேட்பார், எதைக் கேட்க மாட்டார் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும்.

கணக்கன்:
மாடக்குளம் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன்; லென்ஸ் குறித்த வாதத்துக்கும் என்னிடம் மறுப்பில்லை. ஆனால் வெங்கடசாமி தம் நிறுவனத்தைத் தாமே தொடங்கியவர். இடையில் பொறுப்பேற்கும் குழுத் தலைவரோ, முந்தைய தலைவர்களின் வாக்குறுதிகளைக் கேட்டுச் சலித்துப்போன ஊழியர்கள் முன் நிற்கிறார். அவர்களுடைய அன்றாட வேலையைத் தடுக்கும் ஒரு சிக்கலையாவது தீர்த்த பிறகு அவர் நோக்கத்தைப் பேசினால்தான் அது காதில் விழும் என்ற நிலையிலிருந்து நான் மாறவில்லை.