காப்பித் தோட்டத்து டைரியும் கிரெப்பும்

டெர்மினலில், அதாவது கட்டளைகளை அடித்து வேலை வாங்கும் கணினித் திரையில், டைரி எழுதுவது புரோகிராமர்களின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் ஏற்காட்டில் எங்கள் குடும்பத்துக் காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். எனக்கு டைரி தொழிலுக்கு வேண்டிய கருவி, அதை எழுத டெர்மினலைவிடத் தோதான இடம் இன்னும் கிடைக்கவில்லை.

காரணம் மழை. மார்ச், ஏப்ரலில் நல்ல கோடை மழை ஒன்று விழுந்தால் எட்டுப் பத்து நாளில் அராபிகா பூத்துவிடும். அப்புறம் இன்னொரு மழையும் வர வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது. எந்தத் தேதியில் பெய்தது, எந்தப் பக்கம் முதலில் பூத்தது என்ற பேச்சு வீட்டில் ஓயாது. அப்பா இதையெல்லாம் ஆள் வருகையைக் குறிக்கும் செக்ரோல் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார். மலை ஈரத்தில் அதில் பாதித் தாள் பூசணம் பிடித்துவிட்டது.

என் முறை எளிது. வருஷத்துக்கு ஒரு டெக்ஸ்ட் கோப்பு. போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப், வீட்டில் லினக்ஸ் லேப்டாப். சின்ன ஷெல் ஃபங்ஷன் (நாமே எழுதிப் பெயர் வைத்த கட்டளை) ஒன்று நான் அடிக்கும் வரிக்கு முன்னால் தேதியைப் போட்டு, >> குறியால் கோப்பின் கடைசியில் சேர்த்துவிடும். தேதி மட்டும் வருஷம்-மாதம்-நாள் என்றே இருக்கட்டும், அப்போதுதான் எப்படி அடுக்கினாலும் காலவரிசை கலையாது. கேட்ட சொல் உள்ள வரிகளைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டும் கட்டளை கிரெப். '-04-' என்று கிரெப் செய்து, அதிலிருந்து 'மழை' உள்ள வரிகளை மட்டும் எடுத்தால், எல்லா வருஷத்து ஏப்ரல் மழையும் வரிசையாக வந்து நிற்கும். மேஸ்திரி அண்ணன் "போன தடவை சித்திரை பொறந்துதானே பூத்துச்சு?" என்று கேட்டால் நின்ற இடத்திலேயே பார்த்துச் சொல்லலாம்.

தோட்டத்தில் சிக்னல் கிடையாது. அதனால் கோப்பின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் வைத்திருக்கிறேன். அங்கேயே கமிட் செய்துவிட்டு (போனிலேயே பதிந்துவிட்டு), சேலத்துக்கு இறங்கும்போது புஷ் செய்வேன் (இணையம் வழியே அனுப்புவேன்).

தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். 'மொட்டு' என்று தேடினால் சில வரிகள் வராது, ஆனால் கோப்பைத் திறந்தால் அந்தச் சொல் கண் முன்னால் இருக்கும். விஷயம் இதுதான்: 'மொ'வில் உள்ள உயிர்க்குறியை, எழுத்துகளுக்கு எண் தரும் பொதுமுறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் உள்ள கோப்பில் முதலாவது 3 பைட், இரண்டாவது 6 பைட். கிரெப் பைட்டைப் பார்ப்பதால் இரண்டையும் வேறு வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கீபோர்டும் ஒவ்வொரு விதமாக எழுதும். பைதான் நிரல்மொழியின் யூனிகோட்டேட்டாவில் உள்ள நார்மலைஸ் மூலம் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் வடிவம்) மாற்றினால் தீர்ந்தது. நான் அந்த வேலையை எழுதும் ஃபங்ஷனிலேயே சேர்த்துவிட்டேன். 'மோ', 'மௌ' இரண்டுக்கும் இதே கதைதான்.

பல டெர்மினல்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். பயப்பட வேண்டாம், அது திரையின் குறை, கோப்பு சரியாகவே இருக்கும்.

கூலிக் கணக்கையும் வீட்டு விஷயங்களையும் இதில் கலக்காதீர்கள். அவற்றைத் தனிக் கோப்பில் எழுதி ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருள் கொண்டு பூட்டி வைக்கிறேன். அதற்குள் கிரெப் போகாது, போகவும் வேண்டாம்.